வன்னிக் குளக்கட்டில் இரண்டு மணி நேரம்: தூரதேசத்திலிருந்து வந்து காட்டுயிரும் மரமும் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

அக்காவின் மகள் ரொறன்ரோவில் பிறந்தவள். தாய் பிறந்த ஊர் என்று சொன்னாலும் இலங்கையின் வடக்கிலுள்ள வன்னி அவளுக்குத் தூரதேசம்தான். முதல் முறை வந்தபோது ஒரு வாகனம் பிடித்து ஒரே நாளில் மூன்று குளமும் ஒரு களப்பும் (கடலேரி) சுற்றினாள். இரவு வந்து, "மாமா, மயிலும் தூசியும்தான் கண்டேன்" என்றாள். அடுத்த நாள் விடிய முத்தையன்கட்டுக் குளக்கட்டில் கொண்டுபோய் இருத்தினேன். வாகனம் இல்லை, நடை இல்லை. எட்டு மணிக்கு எழும்பும்போது அவளுடைய கொப்பியில் இருபத்தேழு பறவை, ஒரு முதலை, இரண்டு வகைக் குரங்கு.

அதற்குப் பிறகு வருகிற உறவுகள் எல்லோருக்கும் இதையே திருப்பித் திருப்பிச் சொல்லி அலுத்துவிட்டது. எழுதி வைத்துவிடலாம் என்று நினைத்தேன். தமிழகத்திலிருந்து வருகிறவர்களுக்கும் இது உதவும். ஆனால் உங்கள் ஊரில் கம்பிக்குக் கம்பி உட்கார்ந்திருக்கும் கரிச்சானைப் பார்க்கக் கொழும்பிலிருந்து ஆட்கள் இங்கே வருகிறார்கள் என்றால் சிரிப்பீர்கள். இலங்கையில் அது வடக்கையும் வடமேற்கையும் ஒட்டி வாழும் பறவை.

முதல் படி: எதைப் பார்க்க வருகிறீர்கள் என்று தெளியுங்கள்

இலங்கைக்கே உரிய பறவைகள் முப்பதுக்கு மேல் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை தெற்கிலும் மலைநாட்டிலும் உள்ள ஈரக் காடுகளில் வாழ்பவை. அந்தப் பட்டியலை நிரப்புவதுதான் நோக்கமென்றால் வன்னிக்கு வராதீர்கள், சிங்கராஜாவுக்குப் போங்கள். இங்கே அந்த வரிசையில் காட்டுக்கோழி கிடைக்கும், பச்சைப்புறா கிடைக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் சாம்பல் இருவாட்சி கிடைக்கும். குரங்கில் செங்குரங்கு இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லாதது. உச்சந்தலையில் தொப்பி வைத்தாற்போல் மயிர் வட்டமாகப் பிரிந்திருக்கும். அதைப் பார்க்கக் காட்டுக்குள் போகத் தேவையில்லை, உங்கள் வாழைக்குலையைத் தேடி அதுவே வரும்.

வன்னியின் செல்வம் வேறு. குளமும் வயலும் காடும் களப்பும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கிற நிலம் இது. காலையில் காட்டுப் பறவை, பத்து மணிக்கு வயல் பறவை, பின்னேரம் கடற்கரைப் பறவை என்று ஒரே நாளில் பார்க்கலாம். நாங்கள் மிருகக் கணக்குக்காகக் காட்டுக்குள் போகிறவர்கள் இல்லை. விறகுக்கும் தேனுக்கும் பாலைப்பழத்துக்கும் போகும்போது கண்டதுதான் எங்கள் அறிவு. நானும் அந்தக் கண்ணோடுதான் எழுதுகிறேன்.

இரண்டாம் படி: எப்போது வருவது

எங்கள் மழை வாடைக்காற்றோடு வரும். ஒக்டோபரில் தொடங்கி, கார்த்திகை மார்கழியில் கொட்டித் தீர்த்து, தையில் ஓயும். வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகளும் ஏறத்தாழ அதே காலத்தில் வந்து பங்குனி சித்திரை வரை நிற்கும். ஆகவே ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை வருவது எல்லா வகையிலும் நல்லது: குளம் நிறைந்திருக்கும், றோட்டு காய்ந்திருக்கும், பறவையும் இருக்கும்.

பெரும்பாலானவர்கள் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையில், ஜூலை ஓகஸ்டில்தான் வருகிறீர்கள். சோளகக் காற்று அனல் அடிக்கும், வலசைப் பறவை இருக்காது. அதற்காகக் கவலைப்பட வேண்டாம். அப்போது குளங்கள் சுருங்கி நடுவில் ஒரு குட்டையாக நிற்கும். சுற்றுவட்டாரத்து மிருகமெல்லாம் அந்தத் தண்ணீருக்குத்தான் வந்தாக வேண்டும். புள்ளிமான், மரை (கடமான்), பன்றி, யானை எல்லாவற்றுக்கும் இதுதான் நல்ல பருவம். ஆனி ஆடியில் பாலை பழுத்திருந்தால் அதைத் தேடிக் கரடியும் வரும். (இந்தக் கடைசிச் செய்தி மகிழ்ச்சிக்குரியதா என்பதைக் கீழே சொல்கிறேன்.)

கார்த்திகையில் வருகிறவர்கள் மழையில் நனைவீர்கள், ஆனால் வேலி ஓரமெல்லாம் கார்த்திகைப்பூ பூத்திருக்கும். பச்சை மஞ்சளாகத் தொடங்கிச் சிவப்பாக மாறும் இதழ், நுனி சுருண்டு எதையாவது பற்றிக்கொள்ளும் இலை. கிழங்கு கடும் நஞ்சு. அந்தப் பூவுக்கு இங்கே வேறு நினைவுகளும் உண்டு என்பதை அறிந்திருப்பீர்கள். யாருடைய வேலியில் நின்று படம் எடுக்கிறீர்கள் என்று பார்த்து எடுங்கள்.

மூன்றாம் படி: கொண்டுவர வேண்டியவை

எட்டு மடங்கு பெருக்கமும் 42 மில்லிமீற்றர் வாயும் உள்ள தொலைநோக்கி ஒன்று. பத்து மடங்கு வாங்கினால் கை நடுக்கம் பெரிதாகத் தெரியும். மண் நிறச் சட்டை, முழுக் கால்சட்டை, மூடிய சப்பாத்து. செருப்போடு புல்லுக்குள் இறங்க வேண்டாம், கண்ணாடிப் புடையன் உள்ள நாடு இது. ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர்.

போனில் மெர்லின் செயலியை இறக்கி, இலங்கைக்கான பறவைத் தொகுப்பையும் வீட்டிலேயே சேர்த்துக்கொண்டு வாருங்கள். குளக்கரையில் சிக்னல் இருக்கும் என்று நம்ப முடியாது. தொகுப்பு போனில் இருந்தால் சிக்னல் இல்லாமலே குரலைக் கேட்டுப் பேர் சொல்லும். செடிக்கும் பூச்சிக்கும் ஐ-நேச்சுரலிஸ்ட். இரண்டுமே தவறும். மருமகளின் போன் ஒருநாள் பக்கத்து வளவுச் சேவலைக் காட்டுக்கோழி என்று அடித்துச் சொன்னது. செயலி சொல்வதை ஒரு ஊகமாக எடுத்துக்கொண்டு, கண்ணால் பார்த்த பிறகே கொப்பியில் எழுதுங்கள்.

நான்காம் படி: குளத்தைப் படிப்பது

இதுதான் முக்கியமான படி. மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

ஒவ்வொரு வன்னிக் குளத்துக்கும் ஒரே மாதிரியான உடம்பு. மண்ணால் உயர்த்திய கட்டு, தண்ணீரைத் திறக்கும் துருசு, மிஞ்சிய வெள்ளம் வழியும் வான், கட்டுக்கு எதிரே காட்டுப் பக்கமாகச் சரிந்து போகும் அலைகரை, கட்டுக்குக் கீழே வயல். உயிரினங்கள் இந்த உடம்பைப் பங்கு போட்டுக்கொண்டு வாழ்கின்றன. நடுத் தண்ணீரில் நீர்க்காகமும் கூழைக்கடாவும். தாமரையும் அல்லியும் மூடிய ஓரத்தில் இலைமேல் நடக்கும் நீண்ட விரல் இலைக்கோழி. வான் பாயும் இடத்தில் மீனுக்கு நிற்கும் கொக்கும் மீன்கொத்தியும். வயலில் நத்தை பொறுக்கும் நத்தைகொத்தி நாரை. அதன் சொண்டு மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும், அதை வைத்தே பிடித்துவிடலாம். சங்குவளை நாரைக்கு வால் பக்கம் ரோசா நிறம். அலைகரைதான் மிருகங்களின் இடம்.

சரி, எப்படி இருப்பது? விடிய ஐந்தே முக்காலுக்கு ஊர்ப் பக்கமுள்ள கட்டு முனையில், ஆட்கள் குளிக்கிற துறைக்கு அருகே, சூரியன் முதுகுக்குப் பின்னால் வரும்படி இருங்கள். முதல் பத்து நிமிடம் ஒன்றும் நடக்காது. உங்களைக் கண்டதும் ஆட்காட்டி கத்தியிருக்கும். அது கத்தினால் முழுக் குளத்துக்கும் செய்தி போய்விடும். அது அடங்கும்வரை காத்திருங்கள். அடங்கிய பிறகு மறுபடி கத்தினால், உங்களைத் தவிர வேறு யாரோ வருகிறார்கள் என்று பொருள். அது எந்தப் பக்கம் பார்த்துக் கத்துகிறதோ அந்தப் பக்கம் தொலைநோக்கியைத் திருப்புங்கள். நரியைக் கண்டதும் இப்படித்தான், அலைகரையில் தண்ணிக்கு வந்த மரைக் கூட்டத்தைக் கண்டதும் இப்படித்தான்.

குரங்கும் இதே வேலையைச் செய்யும். கருமுக மந்தி ஒரு மரத்தில் நின்று விடாமல் இருமுவதுபோல் குரல் கொடுத்தால், கீழே சிறுத்தை போகிறதாக இருக்கலாம். நான் அப்படி நூறு தடவை கேட்டிருப்பேன், சிறுத்தையைக் கண்டது இரண்டு தடவை. அதுவும் ஒன்று வால் மட்டும்.

ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை வருகிறவர்கள் கட்டின் அடியில் சருகு நிறைந்த நிழலையும் பார்க்க வேண்டும். ஆறுமணிக்குருவி அங்கேதான் தத்திக்கொண்டு இரை தேடும். பச்சை முதுகு, கண்ணில் கறுப்புப் பட்டை, தோளில் நீலம், வாலடியில் சிவப்பு. இந்தியாவில் குஞ்சு பொரித்துவிட்டு குளிர்காலத்துக்கு இங்கே வருகிறது. விடியலும் பொழுது சாய்வதுமாக ஏறத்தாழ ஆறு மணிக்கு இரட்டைச் சீழ்க்கை அடிப்பதால் அந்தப் பேர். பேரே கைக்கடிகாரம் மாதிரி. பார்ப்பதற்கான நேரத்தையும் சொல்லிவிடுகிறது.

எட்டு எட்டரைக்கு வெயில் ஏறினால் எழும்பிவிடலாம். பின்னேரம் நாலு மணிக்கு மறுபடி வரலாம், ஆனால் ஐந்தரைக்குள் திரும்பிவிட வேண்டும். அதற்குப் பிறகு குளம் யானையுடையது.

ஐந்தாம் படி: மண்ணைப் படிப்பது

மிருகத்தைக் காணாத நாளில் அதன் கால் அடையாளத்தைக் காணலாம். ஊர்க்காரர் ஒருவரோடு அலைகரை ஓரச் சேற்றைப் பாருங்கள்.

நாய், நரி இரண்டின் தடத்திலும் நகம் பதிந்திருக்கும். சிறுத்தை நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடப்பதால் பதியாது. கரடிக்கு ஐந்து விரல், முன்னால் நீளமான நகக் கீறல். மானுக்கும் மரைக்கும் குளம்பின் வடிவம் ஒன்றுதான், மரையினுடையது நன்றாகப் பெரிது. பன்றியின் குளம்புக்குப் பின்னால் இரண்டு சிறு குத்துகள் தெரியும். யானையின் முன்னங்கால் தடத்தை ஒரு கயிற்றால் சுற்றி அளந்து, அதை இரண்டால் பெருக்கினால் ஏறத்தாழ அதன் தோள் உயரம் வரும். என் அப்பு இதை வேட்டிக் கரையால் அளப்பார். கரையில் இழுத்துக்கொண்டு இறங்கிய கோடும் இரு பக்கமும் கால் கீறலும் இருந்தால் அது முதலை படுத்த இடம். உடனே தண்ணீரை விட்டு விலகி நில்லுங்கள்.

எச்சத்தையும் அருவருக்காமல் பாருங்கள். பாலை விதை நிறைந்த கறுப்புக் குவியல் கரடியுடையது. யானைப் பிண்டம் ஈரமாகவும் ஆவி பறப்பதாகவும் இருந்தால், அன்றைய பாடம் முடிந்தது, திரும்பி நடங்கள்.

ஆறாம் படி: மரங்களோடு பழகுவது

பறவை பறந்துவிடும், மரம் நிற்கும். ஆனாலும் வருகிறவர்கள் மரத்தைப் பார்ப்பதே இல்லை. எல்லாம் 'காடு' என்று ஒரே பச்சையாகத் தெரியும். ஐந்து மரத்தைக் கற்றுக்கொண்டால் போதும், காடு பிரிந்து தெரியத் தொடங்கும்.

பாலை: கறுத்துப் பிளந்த பட்டை, நுனி உள்ளே வெட்டியதுபோன்ற தடித்த இலை. இலையைக் கிள்ளினால் பால் வரும். வீரை: அடிமரம் உருண்டையாக இராது, மடிப்பு மடிப்பாக, பல தூண்களைச் சேர்த்துக் கட்டியதுபோல் இருக்கும், பழம் சிவப்பு. முதிரை: தக்கைபோல் வெடித்த மஞ்சள் சாயல் பட்டை, சிறு இலைகள். பலகைக்காக இதைத்தான் அதிகம் வெட்டினார்கள். விண்ணாங்கு: இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் வெளுத்திருக்கும், காற்று அடித்தால் மரமே நிறம் மாறும். மருது: ஆற்றங்கரையிலும் குளக்கரையிலும் வழுவழுப்பான வெளிர் பட்டையோடு நிற்கும் பெரிய மரம், காய்க்கு ஐந்து இறகு.

இவற்றோடு கருங்காலி, நாவல், இலுப்பை, விளா, கொன்றை என்று மெல்ல மெல்லச் சேர்த்துக்கொள்ளலாம். பேர் கேட்கும்போது ஒரு சிக்கல் வரும். ஒரே மரத்துக்கு முல்லைத்தீவில் ஒரு பேர், மன்னாரில் ஒரு பேர் சொல்வார்கள். இரண்டையும் எழுதுங்கள், இலையைப் படம் எடுங்கள், யார் சரி என்று தீர்க்கப் போகாதீர்கள்.

பழம் சாப்பிடும் ஆசை எல்லோருக்கும் வரும். பாலைப்பழம், வீரைப்பழம், முரலிப்பழம், உலுவிந்தம்பழம், சூரைப்பழம் எல்லாம் ஊர்ப் பிள்ளைகள் தின்று வளர்ந்தவை. பாலைப்பழம் தேனாக இனிக்கும், பிறகு உதடு ஒட்டிக்கொள்ளும். பருவத்தில் றோட்டோரத்திலேயே விற்பார்கள், அங்கே வாங்கித் தின்னுங்கள். நீங்களாகக் காட்டில் பறித்து வாயில் போடாதீர்கள். செம்மஞ்சள் உருண்டையாகத் தோடம்பழம்போல் தொங்கும் காஞ்சூரைக் காயின் விதையில் உயிர் போக்கும் நஞ்சு இருக்கிறது. சிவப்பும் கறுப்புமான குன்றிமணியும் அப்படித்தான், பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். களப்போரக் கண்டல்களுக்கு நடுவே தில்லை நிற்கும். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பூனைக்காலியின் மென்மயிர் பட்டால் அரிப்பில் அன்றைய நாள் போய்விடும்.

காட்டுக்குள் தென்னையும் மாவும் வரிசையாக நின்று, நடுவில் ஒரு கிணறு தெரிந்தால், அது காடு அன்று, யாருடையதோ வளவு. போருக்குப் பிறகு ஆட்கள் திரும்பாத காணிகளைக் காடு மூடிவிட்டது. அப்படியான இடத்துக்குள் நுழைய வேண்டாம். பாழ் கிணறு மட்டுமே காரணமில்லை. வெடிபொருள் அகற்றும் வேலை வன்னியில் பல ஆண்டுகளாக நடந்தும் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகள் சில இடங்களில் இன்னும் நிற்கின்றன. எவ்வளவு வடிவான பறவை உள்ளே பறந்தாலும் ஆட்கள் தினமும் நடக்கிற பாதையை விட்டு இறங்காதீர்கள். புரியாத உலோகத் துண்டைக் கண்டால் தொடாமல் வந்த அடியிலேயே திரும்பி வந்து பொலிசில் சொல்லுங்கள்.

ஏழாம் படி: பூர்வீகமா, வந்ததா?

தூரதேசத்தில் இயற்கை பார்க்கிறவர்கள் சறுக்கும் இடம் இது. கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதெல்லாம் அந்த மண்ணுக்குரியது என்று எழுதிவிடுவார்கள்.

மன்னாரில் எல்லோரும் போய்ப் படம் எடுப்பது பள்ளிமுனைப் பெருக்கமரத்தை. சுற்றளவு ஏறத்தாழ 19 மீற்றர், பல நூறு ஆண்டு வயது. பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அது ஆபிரிக்க மரம். அரபு வணிகர்கள் கொண்டுவந்தது என்பது சொல்வழக்கு. மன்னார்த் தெருவில் திரியும் கழுதைகளும் கப்பலில் வந்தவைதான். றோட்டோரத்து நாயுண்ணிப் பூ, சீமைக்கருவேல், குளத்தை மூடும் ஆகாயத்தாமரை எல்லாம் வெளியிலிருந்து வந்தவை. வெள்ளைப் பூப் பார்த்தீனியம் 1980களின் கடைசியில் இந்தியப் படையின் ஆடுகளோடு வந்தது என்று சொல்வார்கள். இதே மன்னாரில் குடை விரித்ததுபோல் நிற்கும் உடை மரத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உப்புத் தரையில் சிவந்து படரும் உமரியையும் மிதித்துக்கொண்டுதான் போவார்கள்.

மன்னாருக்குப் போனால் தாம்போதிக்கு முன்பே வங்காலைப் பக்கம் நில்லுங்கள். 2008இல் சரணாலயமாகி, 2010இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த இடம். நவம்பருக்குப் பிறகு பூநாரைகள் ஆழமற்ற தண்ணீரில் ரோசாக் கோடாகத் தெரியும். ஊசிவால் வாத்து, கிளுவை, உள்ளான் கூட்டங்கள் ஆயிரக்கணக்கில் இறங்கும். புதருக்குள்ளிருந்து உரத்த குரலில் கௌதாரி கூப்பிடும். இலங்கையின் பெரும்பகுதியில் இதைக் காண முடியாது. கிழக்கே சுண்டிக்குளம் 1938இலேயே பறவைச் சரணாலயம். 2015இல் தேசியப் பூங்காவாயிற்று. அங்கே தனியாகப் போகாமல் வனசீவராசிகள் திணைக்களத்தில் கேட்டுக்கொண்டு போங்கள். ஜீப்பில் இருந்தே சிறுத்தை பார்க்கத்தான் வேண்டுமென்றால் தெற்கு எல்லையில் வில்பத்து இருக்கிறது.

எட்டாம் படி: யானை, கரடி, பாம்பு

யானையை விடக் கரடிக்குத்தான் காட்டுக்குப் போகிற ஆட்கள் பயப்படுவார்கள். யானை பெரும்பாலும் உங்களை முன்பே அறிந்துவிடும். கரடி தலையைப் புற்றுக்குள் விட்டுக்கொண்டிருக்கும், உங்களைக் கவனிக்காது. திடீரென்று எதிரே கண்டால் முகத்தைப் பார்த்துப் பாயும். ஆகவே பற்றைக்குள் போகும் பாதையில் சத்தமாகக் கதைத்துக்கொண்டு போங்கள். பறவை பறந்தால் பறக்கட்டும். பாலை பழுத்த காலத்தில் மரத்தின் அடியைப் பார்ப்பதற்கு முன் மேலே பாருங்கள், கரடி மரம் ஏறும்.

றோட்டில் யானை நின்றால் ஹோர்ன் அடிக்காதீர்கள், ஒளி பாய்ச்சாதீர்கள், தூரத்திலேயே நின்று அது போகும்வரை இருங்கள். தனியனாக நிற்கும் கொம்பன் என்றால் வாகனத்தைத் திருப்பிவிடுவதே புத்தி. பொழுதுபட்ட பிறகு காட்டு றோட்டில் மோட்டார் சைக்கிள் வேண்டவே வேண்டாம்.

பாம்பு கடித்தால் கீறவோ உறிஞ்சவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை.

இரவில் தேவாங்கு பார்க்க ஆசைப்படுகிறவர்கள், வீட்டு வளவு ஓர மரங்களிலேயே மங்கலான சிவப்பு ஒளியால் தேடுங்கள். இரண்டு கண்களும் தணல்போல் ஒளிரும். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு விளக்கை அணையுங்கள், அதற்குக் கண் கூசும்.

ஒன்பதாம் படி: ஊர்க்காரரோடு

காட்டு ஓரத்தில் ஒரு மரத்தடியில் பச்சைக் குழைகள் குவிந்து கிடந்தால் குப்பை என்று நினைக்காதீர்கள். காட்டுக்குள் போகிறவர் ஒரு குழை முறித்துப் பிள்ளையாருக்கோ ஐயனாருக்கோ வைத்துவிட்டுப் போவார். கூட வருகிறவர் வைத்தால் நீங்களும் வையுங்கள். மறுக்கிறவரோடு காட்டுக்குள் போக எங்கள் ஆட்கள் விரும்ப மாட்டார்கள். என் அப்பு காட்டுக்குள் யானையை யானை என்று சொல்லவே மாட்டார், 'பெரியவர்' என்பார்.

வழிகாட்ட வருகிற ஐயாவுக்கோ தம்பிக்கோ ஒரு நாள் கூலியைப் பேசிக் கொடுங்கள். அவர் நாளைய வேலையை விட்டுவிட்டு வருகிறார். தேத்தண்ணியோடு முடித்துவிடப் பார்க்காதீர்கள். சட்டவிரோத வேட்டை பற்றி விசாரிக்கவோ காட்டிறைச்சி கேட்கவோ வேண்டாம், அது அவரையும் சேர்த்து மாட்டிவிடும். நட்சத்திர ஆமை, அழுங்கு, தேவாங்கு எங்கே கண்டீர்கள் என்று முகநூலில் இடத்தோடு போடாதீர்கள்; பிடித்து விற்கிறவர்களும் அதைப் படிக்கிறார்கள்.

விதை, கிழங்கு, சங்கு, மயிலிறகு எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். விமான நிலையத்தில் மாட்டுவது ஒரு பக்கம். இங்கேயே ஒரு குளத்திலிருந்து இன்னொரு குளத்துக்குப் போகும்போதும் சப்பாத்தின் அடியைத் துலக்கிச் சேற்றைத் தட்டிவிட்டுப் போக வேண்டும், பார்த்தீனிய விதை அந்தச் சேற்றில்தான் ஊர் மாறுகிறது. என் வீட்டு வாசலில் பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்று ஆணியில் தொங்குகிறது. அது அதற்குத்தான்.